தனவேல் மச்சானின் பஞ்சு டப்பா

அந்த அழைப்பு வந்தபோது நான் ஒரு டயர்க்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். செல்போன் திரையில் தனவேல் மச்சானின் பெயர் தெரிந்தது. எடுத்த எடுப்பில், "மச்சான், பத்து நிமிஷம் கழிச்சிப் பேசுறேன், இங்க ஒரு ஆளு உசிர வாங்குறான்" என்று சொல்லித் துண்டித்தேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் துண்டித்தேன். மூன்றாம் முறை, கத்துவதற்காகவே எடுத்தேன். அந்தப் பக்கம் வேறு யாரோ பேசினார்கள்.

"அண்ணே, பண்ருட்டிலேந்து பேசுறேன். இந்த செல்லுக்காரரு எங்க லாரிக் கூரையில பைபர் வேல பாத்துக்கிட்டு இருந்தாரு. நெஞ்ச அடைக்குதுன்னு எறங்கி ஒக்காந்தாரு. தண்ணி குடுத்தோம், குடிக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம்ணே, போற வழியிலயே போயிட்டாரு. 'கயல் மாமா'ன்னு ஒங்க நம்பருதான் மொதல்ல இருந்திச்சி."

டயர்க்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சற்று முன்பு வரை நான் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர். அவர்தான் என்னைத் தன் வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டார். நான் துண்டித்த இரண்டு அழைப்புகளும் மச்சானுடையவை அல்ல, அதற்கு முன்பே அவர் போய்விட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரிகிறது. தெரிந்து என்ன, மனசு கேட்கவில்லை.

தனவேல் என் மனைவி செல்வியின் அண்ணன். நாற்பத்தொரு வயது. முப்பதாம் நாள் படையலுக்குப் படம் போட்டு ஒரு தாள் அச்சடிக்கலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஒரு தாளில் அவரை அடக்க என்னால் முடியவில்லை. அவரை அறிந்தவர்களுக்கும், கடலூரில் இப்படி ஒருவர் இருந்தார் என்றே அறியாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வீட்டில் எங்களுக்குள் 'நீங்க, வாங்க' உண்டுதான். ஆனாலும் இப்படி அச்சில் மரியாதை கொடுப்பதைப் பார்த்தால், "இன்னா மாப்ள, எவனுக்கோ எழுதுற மாதிரி எழுதி வச்சிருக்கீங்க" என்று சிரித்திருப்பார்.

சுனாமி வந்த அன்று அவருடைய மனைவி போய்விட்டார். வீடும் போனது. எட்டு மாதக் குழந்தை கயல், முதல் நாள்தான் செல்வியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அதனால் பிழைத்தது. எனக்கும் செல்விக்கும் குழந்தை இல்லை. மச்சான் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார், கைக்குழந்தையை அங்கே வைத்து வளர்க்க முடியாது. ஆகவே கயல் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். அது யாரும் பேசி முடிவு செய்ததல்ல. அப்படியே நடந்துவிட்டது.

அந்த நேரத்தில் ஊரெல்லாம் பைபர் படகு கட்டினார்கள். உப்பனாற்றங்கரையில் வரிசையாகக் கொட்டகைகள் முளைத்தன. மச்சான் அங்கே வேலைக்குப் போய் ஆறே மாதத்தில் கை தேர்ந்தார். படகு ஆர்டர் குறைந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு பட்டறை போட்டோம். தண்ணீர்த் தொட்டி, ஆட்டோ கூரை, கடைப் பலகை என்று கிடைத்ததையெல்லாம் செய்தோம். ஆர்டர் பிடிப்பதும் வாக்குக் கொடுப்பதும் என் வேலை. நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது அவர் வேலை. என் கையில் ரெசின் என்கிற அந்தப் பைபர்ப் பசை பட்டதே இல்லை என்று சொன்னால் மிகையாகாது.

பைபர் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளியே பார்க்கத்தான் அது வழவழப்பு. உள்பக்கமும், வெட்டிய விளிம்பும் சொரசொரவென்றுதான் இருக்கும். கண்ணாடி இழை நூல்நூலாக நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தடவினால் தோலுக்குள் ஏறிவிடும். ஏறியதை எடுக்கவும் முடியாது. பெரும்பாலான பட்டறைகளில் உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். மச்சான் விடமாட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன மூக்குப்பொடி டப்பா வைத்திருப்பார். அதில் பொடி இருக்காது, இலவம்பஞ்சு இருக்கும். கயலின் தலையணையிலிருந்து பிய்த்தது. தேய்த்து முடித்த விளிம்பில் ஒரு சிட்டிகைப் பஞ்சை வைத்து மெதுவாக ஓட்டுவார். எங்காவது ஒரு இழை பாக்கியிருந்தால் பஞ்சு அங்கே மாட்டி வெள்ளையாக நிற்கும். அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு மறுபடியும் தேய்ப்பார்.

"போதும் மச்சான், தண்ணித் தொட்டிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ" என்பேன்.

"தொட்டியக் கழுவுறது பொம்பளைங்க கை மாப்ள" என்பார்.

இத்தனை பார்க்கிறவருக்குத் தன் மகள் விஷயத்தில் மட்டும் விதி சரியில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். பட்டறைக் குழாயடியில் குளித்து, வேறு சட்டை போட்டு, துவைத்த துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்தத் துண்டை மடியில் விரிப்பார். தன் உடம்பில் தூசி கீசி ஒட்டியிருந்தாலும் பிள்ளைக்குக் குத்தக் கூடாது என்று அந்த ஏற்பாடு. "வாடா கண்ணு" என்று கையை நீட்டுவார். கயல் போய் உட்காருவாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு தொடையைச் சொறிவாள், முகத்தைச் சுளிப்பாள், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

"அப்பா குத்துது."

பேசக் கற்ற காலத்திலிருந்து அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னது இதுதான். இறங்கியதும் நேராக என் மடிக்கு வருவாள். மச்சான் துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார். "மாமாகிட்ட இரு, மாமாகிட்ட இரு" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிப்பார். குளித்துவிட்டு வந்தும் குத்துகிறதே என்று தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார். பவுடர் பூசிப் பார்த்தார். ஒரு முறை கைமுடியைச் சுத்தமாக மழித்துக்கொண்டுகூட வந்தார். செல்வி, "என்னாண்ணே கோலம் இது" என்று சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள்.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுதி முடித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். செல்வியிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அதையும் சேத்து எழுதுங்க, கயலு பெருசானதும் படிக்கட்டும்" என்றாள்.

இரண்டாயிரத்து ஏழு மழைக்காலத்தில் ஒரு மாலை நான் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தேன். மச்சான் எழுந்து தன் தோள் துண்டைக் கொடுத்தார். முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் கழுத்து எரிய ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தேன், சிவந்து தடித்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. குத்தியது மச்சானின் உடம்பு அல்ல, துண்டு. பட்டறையில் ஒரே ஒரு வாளி. வேலைச் சட்டையையும் இந்தத் துண்டையும் அதிலேயே ஊறப்போட்டுத் துவைப்பார். சட்டையில் இருந்த கண்ணாடித் தூசியெல்லாம் துண்டில் ஏறியிருந்தது. தினமும் அதில் புழங்கி அவர் தோல் மரத்துப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைக்குக் குத்தக் கூடாது என்று அவர் எதை விரித்தாரோ அதுதான் குத்தியது.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் மாலை கயல் அவர் மடியிலிருந்து இறங்கி என்னிடம் ஓடி வந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. பிறகு அது சொல்லாத விஷயமாகவே ஆகிவிட்டது. மறந்துவிட்டேன் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். உண்மையில் தினமும் ஆறு மணிக்கு எனக்கு அது ஞாபகம் வந்தது. அந்தக் குழந்தை என்னிடம்தான் வருவாள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கேவலமான சந்தோஷம். ஆனால் இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதில் சிதம்பரத்திலிருந்து ஜமால் பாய் வந்தார். துபாயில் பல வருடம் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். அங்கே ஜீப்புக்குப் பின்னால் வீடு மாதிரி ஒரு வண்டியைக் கட்டி இழுத்துப் போவதைப் பார்த்திருக்கிறார். அப்படி ஒன்று வேண்டும் என்றார். படுக்கை, சின்ன அடுப்படி, கழிவறை, எல்லாம் உள்ளே. அவருடைய மனைவி ஆமினாம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கும் நாகூருக்கும் போய்வர ஆசை. லாட்ஜில் தங்கினால் சுவர் எங்கே, கதவு எங்கே என்று ஒவ்வொரு ஊரிலும் இடித்துக்கொள்கிறார். அந்த அம்மாளே ஒரு முறை பட்டறைக்கு வந்து சொன்னார்: "புது ரூமுக்குப் போனா நான் குருடி, தம்பி. என் ரூமே என்கூட வந்துச்சின்னா நான் குருடியில்ல."

மச்சானுக்கு அந்தப் பேச்சு மனதில் தைத்துவிட்டது. அந்த வண்டியைக் கூடாகச் செய்து நிறுத்த இரண்டு மாதம் ஆனது. வெளியே பளபளவென்று வந்தது. உள்ளே ஜன்னலுக்கும் கதவுக்கும் அலமாரிக்கும் கிரைண்டர் மிஷினால் வெட்டிய விளிம்புகள் அப்படியே இருந்தன. "பத்து நாளு வேணும் மாப்ள. அவுங்க தடவிக்கிட்டேதான் நடப்பாங்க" என்றார். நானோ பாயிடம் வெள்ளிக்கிழமை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இடையில் மச்சான் கம்மாபுரத்துக்கு வேறொரு வேலையாக இரண்டு நாள் போனார். நான் கடையிலிருந்து பீடிங் என்கிற ரப்பர் பட்டையும் ரெக்சின் துணியும் வாங்கி, ஆள் வைத்து, தேய்க்காத விளிம்புகளின் மேல் பசை போட்டு ஒட்டி மூடிவிட்டேன். பார்க்க ஜோராக இருந்தது. வண்டியை அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தவர் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். "முடிச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் பாய் போன் செய்தார். வெயிலில் பசை இளகி பீடிங் கழன்றிருக்கிறது. ஆமினாம்மா அந்த வெறும் விளிம்பில் கை வைத்துத் தடவிக்கொண்டே நடந்திருக்கிறார். பாய் கோபமாகப் பேசவில்லை. "சோத்தத் தொட முடியல, கை எரியுதுங்குறா. சக்கர ஒடம்பு, புண்ணு ஆறாது. பயணத்த நிறுத்திட்டோம்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருப்பேன்.

பாய் சொன்னதை மச்சானிடம் சொன்னேன். சாமான் பையை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வெட்கத்தில் நானும் பின்னாலேயே போனேன். பாய் வீட்டு வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. ஒன்பது நாள் வேலை. நான் ஒட்டியதையெல்லாம் பிய்த்தெறிந்தார். மிஷின் போடவில்லை, தூசி பறக்கும் என்று. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துக் கையாலேயே தேய்த்தார். கழுநீர் மாதிரி வெள்ளையாக ஒழுகியது. கூர் முனைகளையெல்லாம் உருட்டினார், பள்ளத்தில் பட்டி வைத்தார், மேலே ரெசின் ஒரு பூச்சு, காய்ந்ததும் மறுபடியும் தேய்ப்பு. பிறகு பஞ்சு டப்பா. கண்ணை மூடிக்கொண்டுதான் பஞ்சை ஓட்டினார்.

"ஏன் மச்சான் கண்ண மூடுறீங்க?"

"அவுங்க எப்புடிப் பாப்பாங்களோ அப்புடித்தான நாமளும் பாக்கணும். நீங்களும் மூடிக்கிட்டுத் தடவுங்க."

என் வாழ்க்கையில் முதன்முதலாக அன்று வேலை செய்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். பஞ்சு மாட்டாமல் ஓடிய பிறகுதான் விளிம்புக்கு மேல் மெல்லிய ஃபோமை வைத்து, அதன்மேல் பருத்தித் துணியை இழுத்துத் தைத்தார். கை வைத்தால் மெத்தென்று இருந்தது. ஆமினாம்மா தினமும் சாயங்காலம், ஆறிவந்த விரல்களை விட்டுவிட்டுப் புறங்கையால் தடவிப் பார்ப்பார். அலமாரிக்குக் கீழே ஓரிடத்தில் நின்று, "இங்க ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான் தம்பி" என்பார். மச்சான் படுத்துக்கொண்டு உள்ளே போய்த் தேய்ப்பார். ஒன்பதாம் நாள் அந்த அம்மாள் கதவிலிருந்து படுக்கை வரை ஒரு சுற்று வந்து, "இப்ப இது என் ரூமு" என்றார்.

அப்போது அவர் கையில் ஈரம் இருந்தது. துடைத்துக்கொள்ளட்டும் என்று மச்சான் தன் தோள் துண்டைக் கொடுத்தார். வாங்கிய அம்மாள் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"வண்டியில இருந்தவனுங்க எல்லாம் இதுல வந்து குந்திக்கிட்டானுங்களா? குத்துதே."

மச்சான் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. துண்டை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போய் விரித்துப் பிடித்தார். துண்டு முழுக்க மினுமினுத்தது. அப்படியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, நாலு வருஷமா எம் புள்ளய நானேதான் குத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும் மச்சான்' என்று சொல்லியிருக்க வேண்டும். "எழுந்திரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றேன்.

சிதம்பரம் கீழவீதியில் இறங்கிப் புதுச் சட்டையும் புதுத் துண்டும் வாங்கினார். கடலூர் வரும் வரை அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அன்று கயல் அவரிடம் போகவில்லை. குழந்தைக்குப் பழக்கம் அப்படி. அவர் மடியில் புதுத் துண்டை விரித்துவிட்டுத் தினமும் காத்திருந்தார். பட்டறையில் இரண்டாவது வாளி வந்தது. அதில் பெயின்ட்டால் 'கயல்' என்று எழுதி வைத்தார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மாலை அவளாகவே போய் உட்கார்ந்தாள். குத்தும் என்று காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. குத்தவில்லை. துண்டைத் தூக்கிப் பார்த்தாள், அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாய்ந்து தூங்கிவிட்டாள். செல்வி சாப்பிடக் கூப்பிட்டாள். "சும்மா இரு" என்று சைகை செய்தார். சோறு ஆறிப்போகும் வரை அசையவில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருடம் அவருக்குச் சுனாமிக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. கயலை அழைத்துக்கொண்டு போனார். எங்கள் வீடு வெறிச்சென்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருவார்கள். அவள் அவர் தோளில் தொங்கிக்கொண்டே வருவாள். பட்டறைக்கு வந்தால் பஞ்சு ஓட்டுவது அவள்தான். மாட்டினால், "அப்பா, ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்" என்று கத்துவாள். ஜமால் பாயும் ஆமினாம்மாவும் நாகூர் போனார்கள், பெங்களூர் போனார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் அந்த அம்மாள் போன் செய்து, "தனவேலு, என் ரூமு நல்லா இருக்கு" என்பார். இரண்டாயிரத்துப் பதினொன்று கடைசியில் வந்த 'தானே' புயலுக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் கூரை வேலை. ஓய்வே இல்லாமல் அலைந்தார். பண்ருட்டிக்குப் போனதும் அப்படித்தான். நாலு வருடம் மகளுக்காக ஏங்கியவருக்கு மகளோடு வாய்த்தது மூன்று வருடம்கூட நிறையவில்லை. அந்த ஏக்கத்தில் பாதிக்கு நான் காரணம். இன்று நான் ஏங்குகிறேன். அவர் ஒரே ஒரு மாலை வந்து கூடத்தில் உட்கார்ந்தால் போதும், கயலை நானே தூக்கி அவர் மடியில் வைப்பேன்.

அவர் போன அன்று மாலை அவரை வாடகை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஊர் கூடியிருந்தது. ஆமினாம்மா, பாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். கயல் அழவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பண்ருட்டியிலிருந்து வந்த அவர் சட்டைப் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்திருக்கிறாள். பெட்டியின் அடிப்பக்கம் பைபர். கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பில் பஞ்சை ஓட்டினாள். கால்மாட்டில், உடைந்திருந்த ஒரு மூலையில், பஞ்சு மாட்டி நின்றது. நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, வாட்டர் பேப்பர் எங்க இருக்கு?"

போய் எடுத்து வந்தேன். ஒரு சொம்பில் தண்ணீரும் எடுத்து வந்தேன். யாரோ ஒருவர், "என்னாய்யா இது, இந்த நேரத்துல" என்றார். "அவுங்க வேலய அவுங்க பாக்கட்டும்" என்றாள் செல்வி. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து அந்த மூலையைத் தேய்த்தோம். அவள் தேய்த்தாள், நான் தண்ணீர் விட்டேன். பிறகு மறுபடியும் பஞ்சை ஓட்டிப் பார்த்தாள். மாட்டாமல் ஓடியது. 'கயல்' வாளியில் துவைத்த துண்டை மடித்து அந்த மூலையின் மேல் போட்டாள்.

"இப்ப அப்பாவுக்குக் குத்தாது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். என் மடிக்கு வந்தாள், மச்சான். நான் அவளை உங்கள் பக்கம் திருப்பி உட்கார வைத்துக்கொண்டேன். போய் வாருங்கள்.